ரத்தத்துக்கும் ஒரு பதிவேடு வேண்டும்: வேலூர் பெட்ரோல் பங்க் தொழிலாளர்களுக்காக ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், தொழிலாளர் துறையின் அமலாக்க அலுவலர்களுக்கும், எண்ணெய் நிறுவனங்களின் விற்பனை அலுவலர்களுக்கும், பங்க் நடத்தும் டீலர்களுக்கும்

வணக்கம்.

நம் மாவட்டத்தில் எந்தப் பெட்ரோல் பங்க்குக்குள் போய்க் கேட்டாலும் சில கணக்குகளை உடனே எடுத்துக் காட்டுவார்கள். காலையில் பார்த்த டென்சிட்டி (எரிபொருளின் அடர்த்தி), ராடு இறக்கிப் பார்த்த டேங்கின் டிப் அளவு, ஐந்து லிட்டர் கேனில் அளந்து சரிபார்த்த விவரம், தீயணைப்பான் கடைசியாக நிரப்பிய தேதி எல்லாம் அதில் இருக்கும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் குறைந்தால் அந்தப் பம்பில் விற்பனையை நிறுத்தியாக வேண்டும். வாடிக்கையாளரின் காசுக்கும் தீ விபத்துக்கும் இப்படிப் பாதுகாப்பு இருக்கிறது. அது இருக்கவும் வேண்டும். ஆனால் நாசிலைப் பிடித்து நாள் முழுக்க நிற்பவரின் ரத்தத்தில் வெள்ளணு எத்தனை, ரத்தம் உறைய உதவும் தட்டணு எத்தனை, போன வருடம் எத்தனை இருந்தது என்று எழுதி வைத்த தாளைத் தேடினால் கிடைப்பது அரிது. அந்தத் தாளைக் கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறோம். அந்தத் தாளில் வரும் எண்கள் சரியாமல் இருக்கப் பங்க்கில் எதையெதை மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

பிரச்சினையின் வேர் பெட்ரோலில் உள்ள பென்சீன் என்ற வேதிப்பொருள். பிஎஸ்-6 தரப் பெட்ரோலில் அதிகபட்சம் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். அதாவது ஒரு லிட்டரில் 10 மில்லி. கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை எட்டு மணி நேர வேலைக்குக் காற்றில் அனுமதித்த பென்சீன் 0.5 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் அரைப் பங்கு), அதாவது கன மீட்டருக்கு 1.5 மில்லிகிராம். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். தரையில் 100 மில்லி பெட்ரோல் சிந்தினால் அதில் 1 மில்லி பென்சீன், எடையில் ஏறக்குறைய 880 மில்லிகிராம். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், ஆறு மீட்டர் உயரத்துக்கு உள்ள காற்று முழுவதையும் அந்த வரம்புக்குக் கொண்டுவர அது போதும். வண்டியின் டேங்குக்குள் அடைந்திருக்கும் ஆவியில் பென்சீன் ஆயிரம் பிபிஎம்மைத் தாண்டலாம். அந்த ஆவி வெளியே வருவதும், தொழிலாளியின் முகம் டேங்க் வாய்க்கு மேலே இருப்பதும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

வேலூர் வெயில் இதைக் கூட்டுகிறது. 20 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் பென்சீனின் ஆவி அழுத்தம் இரண்டு மடங்குக்கும் மேல். சித்திரை, வைகாசியில் இங்கே 40 டிகிரி என்பது சாதாரணம். குளிர்நாட்டுப் பங்க்கில் அளந்த எண்ணை வைத்துக்கொண்டு நம் பங்க்கைப் பற்றி நிம்மதி அடைய முடியாது.

பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது பல பத்தாண்டுகளுக்கு முன்பே முடிவான விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் டீசல் புகையையும், புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்தது. 2025இல் வாகனப் பெட்ரோலையே அந்தப் பிரிவுக்கு ஏற்றியது. அதற்குக் காரணமாகச் சொன்ன நோய்கள் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும், அக்யூட் மைலாய்டு லுகேமியா என்கிற ரத்தப் புற்றுநோயும். உள்ளே போன பென்சீனைக் கல்லீரல் உடைக்கிறது. உடைந்த துண்டுகள் எலும்பு மஜ்ஜையைத் தாக்குகின்றன. ரத்த அணுக்கள் அங்கேதான் உற்பத்தியாகின்றன என்பதால் முதல் அறிகுறி ரத்த எண்ணிக்கையில்தான் தெரியும். ஆள் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே எண்கள் இறங்கத் தொடங்கிவிடும்.

வாடை வந்தால் தெரிந்துகொள்ளலாமே என்று பலரும் நினைக்கிறார்கள். பென்சீனின் வாடை மூக்குக்கு எட்டும்போது காற்றில் அதன் அளவு இந்த வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கும். பெட்ரோல் வாடையோ ஷிப்ட் தொடங்கிய சற்று நேரத்தில் மூக்குக்கு மரத்துவிடும். ‘பழகிடுச்சு சார்’ என்று தொழிலாளர்கள் சொல்வது மூக்கைப் பற்றி மட்டுமே உண்மை. மஜ்ஜைக்குப் பழக்கம் என்று ஒன்று கிடையாது.

எந்தெந்த இடத்தில் அதிகமாக உள்ளே போகிறது என்று பார்ப்போம். முதலிடம் இருசக்கர வாகனத்துக்கு. ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கிறது. சீட்டைத் தூக்கினால் அடியில் டேங்க் வாய். ‘ஜீரோ பாத்துக்கோங்க’ என்று சொல்லிவிட்டுத் தொழிலாளி குனிகிறார். வாய் குறுகல், கழுத்து ஆழமில்லை, நாசில் முழுதாக இறங்காது. நாசில் முனையில் உள்ள சின்ன ஓட்டையைப் பெட்ரோல் மூடினால் தானாக நிற்கும் அமைப்பு இருக்கிறது. ஆனால் முனை மேலேயே நிற்பதால் நுரை எழும்போது அது முன்கூட்டியே வெட்டும், அல்லது வழிந்த பிறகு வெட்டும். அதனால் அவர் லீவரைப் பாதி அழுத்தி, உள்ளே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டே ஊற்றுகிறார். முகத்துக்கும் டேங்க் வாய்க்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. இரண்டு லிட்டர் உள்ளே போனால் ஆவி நிறைந்த இரண்டு லிட்டர் காற்று அதே வாய் வழியாக மேலே வருகிறது. கடைசியில் நாசிலை உதறும்போது சிந்தும் சொட்டைக் கையில் உள்ள வேஸ்ட் துணியால் துடைத்துவிட்டு, அந்தத் துணியைப் பேண்ட் பாக்கெட்டில் செருகுகிறார். ஊறிய துணி தொடையோடு ஒட்டியே அடுத்த பல மணி நேரம் இருக்கும். ஒரு ஷிப்டில் இது எத்தனை முறை நடக்கிறது என்பதைக் கிரீன் சர்க்கிள் பக்கமோ காட்பாடிச் சாலையிலோ மாலை ஆறு மணிக்கு ஒரு பங்க் ஓரமாக நின்று பார்த்தால் புரியும்.

இதற்குப் பெரிய செலவில்லாத மாற்று உண்டு. பம்பில் தொகையை முன்பே அழுத்தி வைக்கும் வசதி இருக்கிறது. 200 ரூபாய் என்று போட்டுவிட்டால் அதுவாக நிற்கும். டேங்குக்குள் எட்டிப் பார்க்கும் வேலை குறையும். கை நீளத் தூரத்தில் நிமிர்ந்து நின்று டிஸ்ப்ளேயைப் பார்த்தால் போதும். ஃபுல் டேங்க் கேட்டால் முதல் முறை வெட்டியவுடன் நிறுத்த வேண்டும். ‘ரவுண்டா போடுங்க’ என்று கேட்டு மேலும் மேலும் நிரப்புவதில்தான் பெரும்பாலான சிந்தல் நடக்கிறது. அதைத் தொழிலாளியே மறுத்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். ஆகவே நிர்வாகத்தின் பெயரில், எண்ணெய் நிறுவனத்தின் முத்திரையோடு, பம்பிலேயே பலகை இருக்க வேண்டும். காற்று வரும் பக்கம் முதுகு காட்டி நிற்பதும் முக்கியம். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று, ஐப்பசிக்கு மேல் வடகிழக்குக் காற்று. கூரைத் தூணில் ஒரு ரிப்பன் கட்டிவிட்டால் எந்தப் பக்கம் நிற்பது என்று புதிதாகச் சேர்ந்தவருக்கும் தெரியும். டீலர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆவியை விரட்டுவதாக நினைத்துச் சாதாரண ஸ்டாண்டு ஃபேனைப் பம்பு அருகே வைத்துவிடாதீர்கள். அதன் மோட்டாரில் வரும் பொறி போதும், பங்க்கே போய்விடும்.

இரண்டாவது இடம் லோடு இறக்கும் நேரம். 12,000 லிட்டர் பெட்ரோல் நிலத்தடி டேங்குக்குள் இறங்கினால் அதே 12,000 லிட்டர் ஆவிக்காற்று வெளியேறியாக வேண்டும். முறைப்படி அது இரண்டாவது ஹோஸ் வழியாக டேங்கர் லாரிக்கே திரும்பிப் போக வேண்டும். அது இல்லாத இடத்தில் உயரத்தில் உள்ள வென்ட் குழாய் வழியாகப் போக வேண்டும். நடப்பில் எங்கே தப்புகிறது? ஆவி ஹோஸை லாரியில் கொண்டு வருவதில்லை. கொண்டு வந்தாலும் இணைப்பின் ரப்பர் வாஷர் கிழிந்திருக்கிறது. வென்ட் முனையின் அழுத்த வால்வு தூசியில் இறுகிக்கிடக்கிறது. இவற்றைவிட மோசமானது, சீக்கிரம் இறங்கட்டும் என்று டிப் மூடியைத் திறந்து வைப்பது. அப்படிச் செய்தால் வென்ட் குழாய்க்குப் போக வேண்டிய ஆவி முழுவதும் தரை மட்டத்தில் வரும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே போகாது, கால்மாட்டிலேயே படரும். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பிட்டிங்கைப் பார்க்கிறவரின் மூக்கு அந்த உயரத்தில்தான் இருக்கிறது. டிப் எடுக்கும்போது மூடியைக் கழற்றியவுடன் குனியாமல், ஒரு நிமிடம் விலகி நின்று அடைபட்ட ஆவி வெளியேறிய பிறகே ராடை இறக்க வேண்டும். இறங்கும் நேரத்தில் பக்கத்து பம்பில் விற்பனை நடக்கக் கூடாது என்பது தீக்காக வைத்த விதி. நுரையீரலுக்கும் அதுவே நல்லது.

காலை டென்சிட்டி பார்க்கும் 500 மில்லி ஜாடி சின்ன விஷயம்போலத் தெரியும். அதைக் கதவு சாத்திய மேனேஜர் அறையில் வைத்துப் பார்க்கிறார்கள், ஏசி வேறு ஓடுகிறது. வெளியே, நிழலில் வைத்துப் பார்த்துவிட்டு உடனே டேங்கில் ஊற்ற வேண்டும். ஐந்து லிட்டர் கேனுக்கும் இதேதான். அளந்ததைத் திறந்த பக்கெட்டில் சேர்த்து வைத்துப் பிறகு மொத்தமாக ஊற்றுவது கூடாது.

தோல் வழியாகவும் போகும். கிரீஸ் கறையைப் பெட்ரோலால் கழுவும் பழக்கத்தை இன்றே நிறுத்தலாம்: தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துணியால் துடைத்து, பிறகு சோப்புப் போட்டால் போய்விடும். பெட்ரோல் தோலின் இயற்கைக் கொழுப்பைக் கழுவி எடுத்துவிடுவதால் விரல்கள் வெடிக்கின்றன. வெடித்த தோல் வழியே இன்னும் எளிதாக உள்ளே இறங்குகிறது. அதே கையால் சோறு பிசைந்து சாப்பிடுகிறோம். கைகழுவும் தொட்டியும் சோப்பும் பம்புக்குப் பத்தடிக்குள் இருந்தால்தான் பயன்படுத்துவார்கள். கழிப்பறைக்குப் பின்னால் இருந்தால் மாட்டார்கள். டியூபை வாயில் வைத்து உறிஞ்சிப் பெட்ரோல் எடுப்பது இன்னமும் நடக்கிறது. ஒரு வாய் புரையேறினால் நுரையீரல் வெந்துபோகும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். கைப்பம்பு ஒன்று வாங்கி வைத்தால் இந்தப் பேச்சே வராது.

மாஸ்க் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க், என்95 மூன்றுமே தூசிக்கும் கிருமிக்கும்தான். ஆவி அவற்றின் வழியே தாராளமாகப் போகும். மாஸ்க் கொடுத்தோம் என்று கணக்கில் எழுதுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆவியைத் தடுப்பது ஆக்டிவேட்டட் கார்பன் கேட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க். அதை மே மாத வெயிலில் ஷிப்ட் முழுக்க யாராலும் போட முடியாது. கேட்ரிட்ஜ் நிறைந்த பிறகு அதுவும் பயனில்லை. லோடு இறக்குதல், பெரிய சிந்தல், பம்பின் ஃபில்டர் மாற்றுதல் ஆகிய வேலைகளுக்கு அதுவும் நைட்ரைல் கையுறையும் கட்டாயம். மற்ற நேரத்துக்கு வழி ஆளைச் சுழற்றுவதுதான்: இரண்டு மணி நேரம் பெட்ரோல் பம்பு, அடுத்து டீசல், அடுத்து காற்று அடிக்கும் இடமோ பில்லிங்கோ. யூனிஃபார்ம் பங்க்கிலேயே மாற்றப்பட வேண்டும். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழந்தைகள் துணியோடு ஊற வைக்கக் கூடாது.

வேலை நேரம் தனிக் கவலை. 0.5 பிபிஎம் என்பது எட்டு மணி நேரத்துக்குப் போட்ட கணக்கு. பல பங்க்குகளில் ஷிப்ட் 12 மணி நேரம். சில இடங்களில் 24 மணி நேரம் டூட்டி, மறுநாள் லீவு. 12 மணி நேரம் நின்றால் சுவாசிக்கும் நேரம் கூடுகிறது, உடம்பு அதைக் கழித்து வெளியேற்றும் ஓய்வு நேரம் குறைகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் தொழில்நலக் கணக்கின்படி வரம்பு பாதியாகிவிடும், 0.25 பிபிஎம். நீண்ட ஷிப்டை வைத்துக்கொண்டு எட்டு மணி நேர வரம்புக்குள் இருக்கிறோம் என்று எந்த அதிகாரியும் சான்று தரக் கூடாது. கூட்டமில்லாத நேரத்தில் உட்கார இருக்கை தருவதும் தயவு அல்ல. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தப்படி அது உரிமை. அந்த நாற்காலி வென்ட் குழாயிடமிருந்தும் பம்பிடமிருந்தும் தள்ளி இருக்கட்டும்.

இனி ரத்தப் பரிசோதனை. கேட்பது கம்ப்ளீட் பிளட் கவுண்ட், அதாவது எல்லா ரத்த அணுக்களையும் எண்ணும் பரிசோதனை, சில நூறு ரூபாய்ச் செலவு. வேலைக்குச் சேரும் முன் ஒன்று. அதன் பிறகு வருடம் ஒன்று. சேரும் முன் எடுக்கும் தாள்தான் உயிர்நாடி. அது இல்லையென்றால் பின்னால் எடுப்பவற்றை எதோடும் ஒப்பிட முடியாது. இங்கே நடக்கும் பெரிய தவறு ‘நார்மல்’ என்ற சொல்லை நம்புவது. ஒருவருக்குத் தட்டணு 3,20,000 இருந்து, அடுத்த வருடம் 2,40,000 ஆனால் லேப் அறிக்கை நார்மல் என்றே அச்சிடும். ஆனால் அது 25 சதவீத வீழ்ச்சி. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதியில் பென்சீனுக்கென்று சொல்லியிருப்பது நமக்கும் நல்ல வழிகாட்டி: தட்டணு முந்தைய அளவைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, வெள்ளணு 4,000க்குக் கீழ் போனாலோ, ஹீமோகுளோபின் தொடர்ந்து இறங்கினாலோ இரண்டு வாரத்துக்குள் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். மறுபடியும் அப்படியே இருந்தால் ரத்தவியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், பெட்ரோல் பக்கம் நிறுத்தக் கூடாது.

மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அசதி, வெளிறிய முகம் என்று வருகிறவருக்குச் சத்து மாத்திரை எழுதும் முன் என்ன வேலை என்று கேளுங்கள். இரும்புச்சத்துக் குறைவில் சிவப்பணுவின் அளவு பொதுவாகச் சிறுத்திருக்கும். பென்சீன் பாதிப்பில் அது இயல்பாகவோ சற்றுப் பெரிதாகவோ இருக்கலாம். கூடவே வெள்ளணுவும் தட்டணுவும் இறங்கும். ஈறில் ரத்தம், காரணமில்லாமல் தோலில் கன்றிய நீலம், அடிக்கடி காய்ச்சல் என்றால் காத்திருக்க வேண்டாம். பென்சீன் உடலில் உடைந்து உண்டாகும் எஸ்-பீனைல் மெர்காப்டூரிக் அமிலத்தைச் சிறுநீரில் பார்ப்பது, உள்ளே போன பென்சீனை அளக்க நல்ல வழி. ஷிப்ட் முடிந்த உடனே எடுத்த மாதிரியாக இருக்க வேண்டும். அப்படியே உண்டாகும் இன்னொன்றான மியூகோனிக் அமிலம் பார்த்தால் பேக்கரிப் பண்டங்களில் பூசணம் பிடிக்காமல் சேர்க்கும் சார்பிக் அமிலமும் அதைக் கூட்டிக் காட்டும். பழைய ஃபீனால் பரிசோதனை குறைந்த அளவுகளில் ஒன்றும் சொல்லாது, அதில் பணத்தை வீணாக்க வேண்டாம். பீடி, சிகரெட்டிலும் பென்சீன் உண்டு என்பதை அறிக்கையில் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைச் சாக்காக வைத்துத் தொழிலைக் கணக்கிலிருந்து விலக்கிவிடாதீர்கள்.

பங்க்குகளில் பெண்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். பென்சீன் நச்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குப் போகும். கர்ப்பம் தெரிந்த நாளிலிருந்து பில்லிங் போன்ற வேலைக்குச் சம்பளம் குறையாமல் மாற்ற வேண்டும். சம்பளம் குறையும் என்றால் யாரும் கர்ப்பத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். சிறைத்துறை நடத்தும் பங்க்கில் வேலை செய்யும் சிறைவாசிகளுக்கும் இதே பரிசோதனை வேண்டும்; வேறு வேலை தேடிப் போக வழியில்லாதவர்கள் அவர்கள்.

சட்டத்தில் இதற்கு இடம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். பென்சீன் நஞ்சு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருந்தது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையிலும் இருந்தது. அவற்றுக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின் பட்டியல்களிலும் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் பங்க்குகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் ஊற்றும்போது வெளிவரும் ஆவியை உறிஞ்சித் திருப்பி எடுக்கும் ஆவி மீட்பு அமைப்பைக் கட்டாயமாக்க அது பார்ப்பது மாதம் 300 கிலோ லிட்டர் என்ற விற்பனையையும் நகரத்தின் மக்கள்தொகையையும். ஒடுகத்தூரிலும் அணைக்கட்டிலும் உள்ள சிறிய பங்க் அந்தக் கணக்கில் வராது. அங்கே நிற்பவரின் மஜ்ஜையும் மஜ்ஜைதான். அமைப்பு வைத்த பங்க்கிலும் அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் ஊற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 0.95 முதல் 1.05 லிட்டர் ஆவியை நாசில் உறிஞ்சுகிறதா என்று வழக்கமாக அளக்கிறார்கள். உறிஞ்சும் பம்பு நின்றுபோனாலும் பெட்ரோல் ஊற்றுவது நிற்காது என்பதால், அளக்காமல் யாருக்கும் தெரியாது.

தோல் தொழிற்சாலைக் கழிவில் பாலாறு கெட்டது தொடர்பாக, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன முன்னெச்சரிக்கைக் கொள்கை இன்று நாடு முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. கேடு முழுமையாக நிரூபணமாகும்வரை காத்திருக்காதே என்பது அதன் சாரம். பென்சீன் விஷயத்தில் கேடு நிரூபணமாகியே பல காலம் ஆகிறது.

மாவட்ட ஆட்சியர் அவர்களே, புதிய பங்க்குக்குத் தடையின்மைச் சான்று உங்கள் அலுவலகத்திலிருந்து வருகிறது. ரத்தப் பதிவேடு, கைகழுவும் இடம், உடை மாற்றும் அறை, ஆவி ஹோஸ் இணைப்பு ஆகிய நான்கையும் அதில் நிபந்தனையாகச் சேர்க்கும்படி கேட்கிறோம். தொழிலாளர் துறையிலோ புதிய ஆளே தேவையில்லை. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டமும் தொழிலாளர் சட்டங்களும் அதே துறையின் கையில் இருக்கின்றன. பம்புக்கு முத்திரை வைக்க வரும் அலுவலர் ஐந்து லிட்டர் கேனோடு ரத்தப் பதிவேட்டையும் கேட்டால் போதும். எண்ணெய் நிறுவனங்களின் விற்பனை அலுவலர்கள் பங்க்கை ஆய்வு செய்யும் படிவத்தில் ஒரு வரி கூட்டுங்கள். பரிசோதனைச் செலவை டீலர் தலையில் மட்டும் கட்டாதீர்கள். டீலர்களே, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டினால் நோய் வரும்போது அந்தக் குடும்பம் தெருவுக்கு வரும்.

பதிவேடு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், சேர்ந்த தேதி, முன்பு வேலை செய்த பங்க்குகள், ஷிப்ட் நேரம், புகைப் பழக்கம். கீழே வருடத்துக்கு ஒரு வரி: ஹீமோகுளோபின், சிவப்பணு அளவு, மொத்த வெள்ளணு, அதில் ஒரு வகையான லிம்போசைட், தட்டணு, முந்தைய அளவிலிருந்து எத்தனை சதவீதம் மாற்றம், மருத்துவர் கையொப்பம். ஒரு பிரதி தொழிலாளியிடம் இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் ஆட்கள் பங்க் விட்டுப் பங்க் மாறுகிறார்கள். லுகேமியா பத்து வருடம் கழித்தும் வரலாம். எண் குறைந்தவரை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பதை அந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே அச்சிடுங்கள். அந்த உறுதி இல்லாவிட்டால் யாரும் ஊசிக்குக் கையை நீட்ட மாட்டார்கள்.

அடுத்த கோடைக்கு முன், பங்குனிக்குள், முதல் சுற்று ரத்தப் பரிசோதனையை முடிக்க உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பெட்ரோல் பங்க் பராமரிப்பிலும் தொழில்சார் மருத்துவத்திலும் பணியாற்றும் வேலூர் மாவட்டத்தார்